வலிக்கு நிதி கேட்டுப் போனோம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பணம் தீர்ந்துகொண்டிருப்பது வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. விளக்குகள் எரியும். குளிர்ப்பெட்டிகள் உறுமிக்கொண்டிருக்கும். எலிகளுக்கு வேளை தவறாமல் தீனி போகும். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ரசாயனம் ஏதாவது வாங்க வேண்டும் என்று போய் நின்றால் புரொபசர், "அடுத்த மாதம் வாங்கினால் போதுமா?" என்று கேட்பார். போதாது என்பது அவருக்கும் தெரியும். நான் சரி என்று சொல்லிவிட்டு வருவேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது வலி பற்றிய ஆராய்ச்சி. மார்ஃபின் வகை மருந்துகள் வலியை அடக்கும். ஆனால் அதே மருந்து மூளைக்குள் போய் ஒரு சுகத்தையும் கொடுக்கும், மூச்சையும் மந்தமாக்கும். உடம்பு அதற்குப் பழகிவிட்டால் பிறகு அது இல்லாமல் காலையில் எழுந்திருக்க முடியாது. ஆகவே பல நாடுகளில் பலரும் தேடுவது, வலியைக் கொண்டுபோகும் நரம்பில் மட்டும் இருக்கிற, மூளையின் அந்தச் சுகத்தோடு ஒட்டுறவு இல்லாத ஓர் இடத்தை. அதை மருந்தால் அடைத்தால் வலி நிற்கும், பழக்கம் பிடிக்காது. எங்கள் குழு கையில் வைத்திருந்தது அப்படி ஒரு புரதம். நரம்புச் செல்லின் மேல்தோலில் கதவு மாதிரி திறந்து மூடுவது. எலியின் நரம்பில் அதை அடைத்துப் பார்த்தோம். வலிச் செய்தி குறைந்தது. மனித நரம்பிலும் அப்படித்தானா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியில் போய் நின்றபோது நிதி முடிந்தது.

சிரம்பானை ஒட்டி நான் குடியிருக்கும் ராசாவில், என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் ஏதோ லேபில் வேலை செய்கிறவள். ரத்தம் பரிசோதிப்பவள் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை அளவு அச்சிட்ட தாளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நானும் பார்த்து, சோற்றைக் குறைக்கச் சொல்வேன். நான் செய்வது அதுவல்ல என்று விளக்கத் தொடங்கினால் ஒரு முழு மாலை போய்விடும். அதற்குத் தெம்பு இருந்ததில்லை.

புதிய நிதிக்கு விண்ணப்பித்து முதல் சுற்றில் தேறினோம். அடுத்தது ஒரு குழுவின் முன் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது புரொபசர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த முறை நோயாளி ஒருவரையும் அழைத்து வரலாம் என்கிறார்கள். கட்டாயம் இல்லை. ஆனால் அழைத்து வந்தால் நல்லது."

அவர் என்னைவிட மூத்த மலாய்க்காரப் பெண்மணி. என்னிடம் எதையும் சுற்றிவளைத்துக் கேட்கிறவர் அல்ல. அன்று மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அண்ணன் லாபு பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். எனக்காகப் படிப்பை விட்டவர் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவர் சிரிப்பார். "எனக்குப் படிப்பு ஏறல லா. அவ்ளோதான்" என்பார். உண்மையும் அதுதான். அவருக்கு வெளிவேலை பிடிக்கும். நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து நாள் முழுக்க வெட்டுவார். அந்தக் கழுத்தில்தான் வினை வந்தது. வெட்டிய குலை ஒன்று எதிர்பார்த்த பக்கம் விழாமல் அவர் தோளின்மேல் விழுந்தது. கழுத்தெலும்பு நகர்ந்து நரம்பை அழுத்திவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கை பழையபடி அசைந்தது. வலி மட்டும் தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் தங்கிவிட்டது.

முதலில் மாத்திரை கொடுத்தார்கள். அது நன்றாக வேலை செய்தது, அதுதான் தொல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகு அவர் அதை வேறு இடங்களில் தேடினார். இருமல் சிரப் குடித்தார். யாரோ கொண்டுவந்த, போதை தரும் கெத்தும் இலையைக் காய்ச்சிக் குடித்தார். அதற்குப் பிறகு குடித்தவை, ஏற்றிக்கொண்டவை பற்றி அவரே பேசமாட்டார், நானும் எழுதப்போவதில்லை. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனார். ஒருநாள் அண்ணன் தானாகவே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கிற மெத்தடோன் சிகிச்சையில் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தினமும் காலையில் போக வேண்டும். கொடுக்கிற திரவத்தை அவர்கள் கண்ணெதிரே குடிக்க வேண்டும். அண்ணி திரும்பி வந்தார். அண்ணனுக்குத் தோட்டத்து நாற்றுப்பண்ணையில் தண்ணீர் விடுகிற இலகுவான வேலை கிடைத்தது. மெத்தடோனின் அளவைக்கூட கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் அவருக்குப் பெருமை.

ஆனால் வலி போகவில்லை. அதற்கு அவர் எதுவும் சாப்பிடுவதில்லை, தலைவலி மாத்திரையைத் தவிர. மற்றதெல்லாம் பயம்.

ஞாயிற்றுக்கிழமை லாபுவுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து அவர் விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"அண்ணே, ஒரு கூட்டத்துக்கு வரணும். கேஎல்ல."

"என்ன கூட்டம்?"

"எங்க ஆராய்ச்சிக்குக் காசு குடுக்குறத முடிவு பண்றவங்க. வலி எப்படி இருக்கும், மருந்துப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு ஒங்க வாயால கேட்டா அவங்களுக்குப் புரியும்."

"என் தங்கச்சிதான் காசு கேக்குறான்னு தெரியுமா அவங்களுக்கு?"

"சொல்லிட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன்."

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "படம் புடிப்பாங்களா? பேப்பர்ல கீப்பர்ல போட்ருவாங்களா? பெரியவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம்லா."

"இல்ல அண்ணி. யாரும் படம் எடுக்கமாட்டாங்க. பேரும் வெளிய போகாது."

"ஒங்க வார்த்தைய நம்புறேன்" என்றார். நம்பாத முகத்தோடுதான் சொன்னார்.

அண்ணன் கடைசியில், "போலாம். காலையில கிளினிக் போயிட்டுத்தான் கெளம்ப முடியும், பாத்துக்க" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எண்ணவில்லை. வரமாட்டேன் என்று சொன்னால் அதையே புரொபசரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்று பேருந்தில் வரும்போது தோன்றியது.

கூட்டத்தன்று அவர் பூவேலை செய்த பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு சிரம்பான் ஸ்டேஷனுக்கு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல் தலையைப் படிய வாரியிருந்தார். கிளினிக்கில் அவரை வரிசைக்கு முன்னாலேயே விட்டுவிட்டார்களாம். "மருந்து குடுக்குற பொண்ணுகிட்ட எங்க போறேன்னு சொன்னேன். நல்லா பேசிட்டு வாங்க அங்கிள்னு சொல்லுச்சு."

ரயிலில் அவரால் கழுத்தைத் திருப்பிப் பேச முடியாது. ஆகவே உடம்பையே என் பக்கம் திருப்பி, கால் ஒன்றை நடைவழியில் வைத்து உட்கார்ந்தார். நீலாய் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று கேட்டார்.

"நீ தெனமும் இதுலதான் போய்ட்டு வரியா?"

"ஆமாண்ணே."

"அசதியா இருக்காது?"

"இருக்கும்."

"அப்புறம் ஏன் போற?"

வேறு என்ன செய்வது என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கூட்டம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில். குளிர் அதிகம். புரொபசர் முதலில் பேசினார். நான் படங்களைத் திரையில் மாற்றினேன். கதவு போன்ற புரதம், எலியின் நரம்பு, குறைந்துபோன சமிக்ஞை. குழுவில் இருந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். குறித்துக்கொண்டார்கள், சரியான கேள்விகள் கேட்டார்கள். ஒருவர், "இதிலிருந்து மருந்து கிடைக்குமா, அல்லது இன்னொரு புரதத்தைத் தேடிப் போக நேருமா?" என்று கேட்டார். புரொபசர் பொய் சொல்லவில்லை. "தெரியாது. பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் மலாயில் பேசினார். குலை விழுந்ததைச் சொன்னார். மாத்திரையைச் சொன்னார். "சாப்பிட்டதும் வலி போனது. அதோடு சேர்ந்து கவலையும் போனது. கவலை போனதைத்தான் நான் விடமுடியாமல் பிடித்துக்கொண்டேன்" என்றார். எனக்கு அதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. திரைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றிருந்ததால் என் முகம் யாருக்கும் தெரிந்திருக்காது.

குழுவில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்: "இந்த ஆராய்ச்சி வெற்றி பெற்றால் உங்களுக்கு என்ன மாறும்?"

"வலித்தால் மருந்து சாப்பிடலாம், பயப்படாமல். மற்றவர்கள் சாப்பிடுகிற மாதிரி."

அண்ணன் அதோடு உட்காராமல், "மருந்து எப்போது கிடைக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

தலைவர் புரொபசரைப் பார்த்தார். புரொபசர் எழுந்து, மிக மெதுவாகச் சொன்னார். இடம் சரியா என்று உறுதிசெய்யவே சில வருடங்கள் ஆகும். அதற்குப் பொருந்தும் மருந்தைத் தேட மேலும் சில வருடங்கள். பிறகு மனிதர்களிடம் சோதனை. "அதற்குள் நீங்களும் நானும் கிழடாகிவிடுவோம்."

"அப்படியென்றால் சீக்கிரம் ஆரம்பியுங்கள்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்தார். அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை படித்தவர்களை ஒரே வரியில் சிரிக்க வைத்துவிட்டோம் என்ற சந்தோஷம். வெளியே வந்ததும் அவர் பசிக்கிறது என்றார். சாலையோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் வாங்கிக்கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "கெடச்சிரும் லா. அந்த அம்மா நல்லா கேட்டுச்சு பாத்தியா?" என்றார்.

நான் இப்படிப்பட்ட கூட்டங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகக் கேட்பது வேறு, கொடுப்பது வேறு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் இரண்டாவது ரொட்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பமானது ஃபோன். அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டறியாதவர் வாரம் தவறாமல் கூப்பிட்டார். "முடிவு வந்துருச்சா?" இன்னும் இல்லை என்பேன். "ஏன் இவ்ளோ லேட்டு?" அப்படித்தான் என்பேன். கிளினிக்கில் காலையில் வரிசையில் நிற்கிறவர்களிடமும் சொல்லிவிட்டார். என் தங்கச்சி புது மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று. மருந்து இல்லை, மருந்து வேலை செய்யக்கூடிய ஓர் இடத்தைத்தான் தேடுகிறோம், அதுவும் சரியான இடமா என்று தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அதேதான் லா" என்றார்.

அவருக்கு ஆசை வந்துவிட்டது. வலியோடு இருக்கக் கற்றுக்கொண்டிருந்த மனிதர். அந்த ஆசையை ஒவ்வொரு வாரமும் ஃபோனில் கேட்பது, ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நின்றிருப்பதைவிடக் களைப்பாக இருந்தது. சில சமயம் ஃபோன் அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு நானே கூப்பிடுவேன்.

முடிவு ஒரு சாதாரண வேலைநாளில் வந்தது. புரொபசர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார். கிடைக்கவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆய்வு ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது, மனித நரம்பில் நிரூபணம் இல்லை, அது கிடைத்த பிறகு மறுபடி வரலாம். மனித நரம்பில் நிரூபிக்கத்தான் நாங்கள் பணம் கேட்டிருந்தோம். புரொபசர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

என்னோடு வேலை செய்த உதவியாளர் அந்த மாதமே கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்துவிட்டார். போகும்போது அழுதார். நான் அழவில்லை. உறைய வைத்த செல்களுக்கு யார் பொறுப்பு என்ற யோசனையில் இருந்தேன்.

அண்ணனிடம் ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. லாபுவுக்கே போனேன். நாற்றுப்பண்ணையில் கறுப்புப் பைகளில் வரிசையாக நின்ற செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததுமே குழாயை மூடினார்.

"கெடைக்கல இல்ல?"

"கெடைக்கலண்ணே."

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"நான் பேசுனது சரியில்லையா?"

"ஐயோ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே."

"சீக்கிரம் ஆரம்பிங்கன்னு சொன்னேன்ல. பெரிய மனுசங்க முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வெளையாட்டாப் போச்சு."

"அதுக்குத்தான் அவங்க சிரிச்சாங்களே. புடிச்சுத்தான் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்க. ஆனா குடுக்கல."

மனித நரம்பு, ஆரம்பக் கட்டம், நிரூபணம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். மறுபடி குழாயைத் திறந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மருந்தில் விழுந்ததற்கே தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அதற்குமேல் இதையும் ஏற்றிக்கொண்டார்.

அதன்பிறகு ஃபோன் நின்றுபோனது.

மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல் அண்ணி கூப்பிட்டார். அண்ணன் மோட்டாரில் வரும்போது குலை ஏற்றிய லோரி ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி, சகதியில் வழுக்கி விழுந்துவிட்டார், கணுக்கால் உடைந்துவிட்டது, சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். "ஊசி போட வந்தா கைய ஆட்டி ஆட்டி வேணாங்குறாரு. நீங்க வாங்க. எனக்குக் கைகால் ஓடல."

நான் போனபோது கணுக்கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. முகம் வேர்த்துச் சாம்பலாக இருந்தது. மார்ஃபின் போட வந்த நர்ஸிடம், "நான் மெத்தடோன்காரன், போடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அண்ணி அவர் தலைமாட்டில் நின்று, யாரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். இளம் பெண், அவசரப்படாதவர். வெளியே போய்விடாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மெத்தடோனை நிறுத்தமாட்டோம், தினமும் இங்கேயே தருவோம் என்றார். முழங்காலுக்குப் பின்னால் ஊசி போட்டு அந்தக் காலின் நரம்பை மட்டும் மரக்கச் செய்யலாம், அது மார்ஃபின் வகை இல்லை, மூளைக்குப் போகாது, ஆனால் நாளைக்கு மரப்பு விட்டுவிடும், விட்டபிறகு வலி வரும், அப்போது பேசிக்கொள்வோம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஊசி போட்டுச் சற்று நேரத்தில் அவர் முகத்திலிருந்த இறுக்கம் அவிழ்ந்தது. "இதுதானா நீ தேடுறது?" என்றார்.

"கிட்டத்தட்ட. ஆனா இது கால் முழுக்க மரக்க வெச்சிரும். அதோட நாளைக்கு விட்டுரும்."

"நாளைக்கு வரைக்கும் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் காலையில் நான் மறுபடி போனபோது மரப்பு விட்டிருந்தது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி படுத்திருந்தார். மற்ற மாத்திரைகள் எல்லாம் கொடுத்தாயிற்று. அதே டாக்டர் வந்து, "இனி மார்ஃபின் தேவைப்படும், நான் அளந்து கொடுப்பேன், குறைப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு" என்றார். வலியைத் தாங்கிக்கொண்டே கிடப்பதாலும் பழைய பழக்கம் திரும்பலாம் என்று சொன்னார். அது சரி. நானும் அதையெல்லாம் படித்தவள்தான்.

"நீ சொல்லு" என்றார் அண்ணன் என்னிடம். "ஒனக்குத்தானே இதெல்லாம் தெரியும். போட்டுக்கவா வேணாமா?"

அவர் கேட்டது எங்கள் துறையின் கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால்தான் நான் இத்தனை வருடம் தினமும் ரயில் ஏறியிருக்கிறேன். கையில் புதிதாக ஒன்றும் இல்லை. பழைய மருந்து இருந்தது. நல்ல டாக்டர் ஒருவர் இருந்தார்.

"போட்டுக்குங்கண்ணே. நான் இங்கேயே இருக்கேன்."

போட்டார்கள். வலி குறைந்தது. அண்ணி, அப்பாடா என்று ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் அண்ணன் கையைத் துடைத்துவிட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தபடி, அண்ணிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அந்தப் பழைய சொகம் வரல. மெத்தடோன் சாப்புடுறதால வராதுன்னு சொன்னாங்க. சரிதான், வரல."

"நல்லதுதானே?"

"ஆனா ஊசி ஏத்தும்போது நான் அத எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்லா. அதான் பயமா இருக்கு."

அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது அந்த வகை மாத்திரை எதையும் வாங்கி வரவில்லை. அவரே வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பல வாரங்கள் கிடந்தார். அண்ணி தினமும் காலையில் யாரையாவது பிடித்துக் காரில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். பழைய வழிக்கு அவர் போகவில்லை. அதை இங்கே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் போவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நானும் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்.

ஆனால் மெத்தடோனின் அளவை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. அவரே போய்க் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்ததெல்லாம் போய், ஏறக்குறைய ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டார். இது தோல்வி இல்லை, மருந்து அதற்குத்தான் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அதை என்னிடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். சொன்ன விதத்தில் தெரிந்தது, இன்னும் அதை மனப்பாடம்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று.

எங்கள் வேலை முழுதாகச் சாகவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று தங்கள் பெரிய திட்டத்தில் எங்கள் புரதத்தையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொண்டது. உறைந்த செல்களைப் பெட்டியில் கட்டி அனுப்பினோம். மனித நரம்பில் அவர்கள் சோதிப்பார்கள். முடிவு நல்லதாக வந்தால் எங்கள் பெயர் கட்டுரையின் நடுவில் எங்காவது வரும். என்னை அரைநேரம் மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். மிச்ச அரைநேரத்தில் அடுத்த விண்ணப்பத்தை எழுதுகிறேன். புரொபசருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது. அவர் திருத்தி அனுப்பும் பக்கங்களில் எழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டே வருகிறது.

போன வாரம் லாபுவுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு கைத்தடியோடு நடக்கிறார். நாற்றுப்பண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை, பைகளில் மண் நிரப்புவது. பெரியவளுக்கு ஒரு வரன் வந்து, அது தட்டிப்போய், இன்னொன்று வந்திருக்கிறது என்று அண்ணி சொன்னார். வார்டில் அண்ணன் சொன்னது யார் காதிலாவது விழுந்து அதனால்தான் முதல் வரன் தட்டிப்போனதோ என்று அவருக்குச் சந்தேகம். நான் இருக்காது என்றேன். எனக்கும் தெரியாது.

அண்ணன் சாப்பாட்டில் கைவைத்தபடி, ஒன்றும் முக்கியமில்லாததைக் கேட்பதுபோல் கேட்டார்.

"திரும்ப காசு கேட்டுப் போவீங்களா?"

"எழுதிக்கிட்டு இருக்கேண்ணே."

"கூட்டத்துக்கு ஆள் வேணுமா?"

வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினால், மறுபடி கிடைக்காமல் போனால், அதை யார் சுமப்பது? வேண்டாம் என்று சொன்னால், போனமுறை பேசியது சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

"கூப்புட்டா வருவீங்களா?"

"வருவேன். இந்தத் தடவ வெளையாட்டாப் பேசமாட்டேன்."

"அப்படியே பேசுங்கண்ணே" என்றேன். "அன்னிக்குப் பேசுன மாதிரியே."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இந்த முறை நம்பினாரா என்று சொல்ல முடியாது. ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சாப்பிட்டதும் பாயில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். வலிக்கிற தோளின் மேலேயே ஒருக்களித்துப் படுத்து, வாய் திறந்து, குறட்டை விட்டபடி. அந்தப் பக்கம் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. சில நாள் வலி இப்படி அதுவாகவே விலகிப்போகும் என்று அண்ணி சொன்னார். ஏன் என்று கேட்டார். எங்களுக்கே அது இன்னும் தெரியாது என்றேன். விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, அவர் எழும்வரை அண்ணியோடு பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.